பழைய குதிரை டிரெய்லர்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

பெங்களூரில் குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை வெளியூர் கொண்டுபோக லாரி வகை ஃப்ளோட்டைத்தான் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிடம் இருப்பதும் முக்கால்வாசி கைமாறி வந்ததுதான். ஏதோ ஒரு ரைடிங் ஸ்கூல் கழித்துவிட்டதாக இருக்கும், அல்லது குதிரையை விற்றவர் கூடவே தள்ளிவிட்டதாக இருக்கும். வரும்போதே பெயிண்ட் வெளிறி, ஓரங்களில் துரு எட்டிப்பார்த்து, குதிரை ஏறும் சாய்பலகையான ராம்ப் கீச்சிட்டுக்கொண்டு வரும். வாங்கியவருக்கு முதலில் தோன்றுவது, சிவாஜிநகரில் ஒரு டிங்கரிங் கடையில் விட்டு ஒரு கோட் அடித்துவிடலாம் என்பதுதான்.

இப்போதைக்கு வேண்டாம். பழைய டிரெய்லரில் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவதில் பாதி, தண்ணீர் எங்கோ தேங்குகிறது என்பதன் அடையாளம். மழைத் தண்ணீர், கழுவிய தண்ணீர், குதிரையின் மூத்திரம் என்று மூன்று வழியில் ஈரம் வருகிறது. பெயிண்டில் கொப்புளம், ஆணி அடித்த மூட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி, ராம்ப் ஓரத்தில் பொருக்கு, உள்ளே போனால் முகத்தில் அடிக்கும் நாற்றம் எல்லாமே அந்த வகை. தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பூசுவது, ஈரம் ஊறும் சுவரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போலத்தான். வெயில் செய்யும் சேதம் வேறு. அது பெரும்பாலும் மேலோடு நிற்கும், அவசரமும் இல்லை. அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் துரு, கடைசியில் பளபளப்பு. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஏப்ரல் பாதியிலிருந்தே சாயங்கால இடிமழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். நவம்பரில் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் வந்தால் இங்கேயும் நாள்கணக்கில் தூறல். எனவே மரவேலையும் துரு வேலையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், பெயிண்ட் வேலையை மட்டும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்து கழுவுங்கள்

தரையில் போட்டிருக்கும் ரப்பர் மேட் முதற்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேட் கனமாக இருக்கும், இரண்டு பேர் வேண்டும். பல வருஷமாக யாரும் அதைத் தூக்கியிருக்க மாட்டார்கள். மேட்டைத் தரையோடு ஒட்டிவைத்திருந்தால் பெயர்த்தே ஆக வேண்டும், திரும்பப் போடும்போது ஒட்டக் கூடாது. அடியில் காற்றுப் போகாத தரைதான் சீக்கிரம் போகும்.

சாதாரண சோப்புத் தண்ணீர், தென்னை நார் பிரஷ் போதும். நாற்றம் போகட்டும் என்று ப்ளீச்சிங் பவுடரையோ கழிவறை ஆசிட்டையோ ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். பிரஷர் வாஷர் அடிப்பதானால் சக்கர பேரிங், ரப்பர் பீடிங், விளக்கு மூன்றிலிருந்தும் தள்ளியே பிடியுங்கள். அந்த வேகத்தில் போகிற தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்தால் கிரீஸை வெளியே தள்ளிவிடும்.

கழுவி முடித்ததும் உடனே துடைக்காதீர்கள். அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எந்த இடுக்கிலிருந்து இன்னும் சொட்டுகிறது, எந்தப் பலகை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்று ஒரு சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

தரை

பந்தயக் குதிரை ஒன்று சுமார் 450 முதல் 550 கிலோ. ஓடும் வண்டியில் அந்த எடை நாலு குளம்புகளின் மேல் மாறி மாறி இறங்குகிறது. பிரேக் போட்டால் முன்னங்கால், வளைவில் ஒரு பக்கத்துக் கால். தரை உடைந்து கால் சாலையில் உரசியபடி குதிரை இழுபட்டுப் போன விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. ஆகவே தரை விஷயத்தில் அழகு, சிக்கனம் எதுவும் பேச வேண்டாம்.

மரத் தரை என்றால் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மண்டியிடுங்கள். நடுவில் குத்தினால் எல்லாத் தரையும் கெட்டியாகத்தான் தெரியும். குத்த வேண்டியது பக்கச் சுவரை ஒட்டிய ஓரம், ராம்ப் சேரும் பின் விளிம்பு, பின்னங்கால் நிற்கும் இடம், நடுத் தடுப்பின் அடி. மூத்திரம் ஓடி நிற்பது அங்கேதான். நல்ல மரத்தில் முனை அரை மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிடும், இழுத்தால் நார் நாராகப் பிய்யும். உளுத்த மரத்தில் சத்தமில்லாமல் இறங்கும், வெளியே இழுத்தால் ஈரத் தூள் ஒட்டிவரும். பிறகு வண்டிக்கு அடியில் டார்ச்சோடு போய் அதே இடங்களைக் கீழிருந்தும் குத்திப் பாருங்கள். மேலே கெட்டியாக இருந்து கீழே பஞ்சாகிவிட்ட பலகைகள் உண்டு.

உங்களுக்கு முன்பே குதிரைக்குத் தெரிந்திருக்கலாம். "சார், இடது பக்கம் ஏத்தினா மட்டும் தயங்குது சார்" என்று குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் சொன்னால் குதிரையைத் திட்டாமல் இடது பக்கத்து மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு பலகை போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றலாம். ஆனால் ஒன்று போன இடத்தில் பக்கத்துப் பலகைகளும் அதே ஈரத்தைக் குடித்தவைதான். இரண்டுக்கு மேல் போயிருந்தால் தரை முழுவதையும் எடுத்துவிடுவதே மேல். எடுத்த பலகை ஒன்றைக் கையோடு மைசூர் ரோடு நியூ டிம்பர் யார்டு லேஅவுட்டுக்குக் கொண்டுபோங்கள். அதே தடிமன் வேண்டும், அரை அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது. பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கும். கடைக்காரரிடம் "குதிரை டிரெய்லர்" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். "லாரி பாடித் தரைக்குப் போடுற மரம், நல்லாக் காஞ்சது" என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும். சால், கருமருது போன்ற கெட்டி மரம் எடுத்துக் காட்டுவார். முடிச்சு பெரிதாக உள்ள பலகையைத் தள்ளுங்கள், உடைவது அங்கேதான்.

பலகைகளை ஒன்றோடொன்று இறுக்கி அடிக்காதீர்கள். இடையில் ஒரு பென்சில் அகலம் விட்டால்தான் மூத்திரம் கீழே வடியும். தச்சர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார், இடைவெளி இல்லாமல் இழைப்பது அவருக்குப் பெருமை. நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். பலகையின் இரு முனைகளில் வெட்டுவாய் தெரியும் பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை எண்ணெய் கொடுங்கள், தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அதுதான். ஆளி விதை எண்ணெய் நல்லது. காய்ச்சியது என்று கேட்டு வாங்கினால் சீக்கிரம் காயும். பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்லி லாரிக்காரர்கள் யோசனை சொல்வார்கள், குதிரை நிற்கும் இடத்தில் அது வேண்டாம். வழுக்கும், தோலுக்கும் ஆகாது. மரத்துக்குப் பூசும் தார் எண்ணெயான கிரியோசோட்டும் அப்படியே. ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய். துணியைத் தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் போடுங்கள். வைக்கோல் கிடக்கும் லாயத்தில் இதை இரண்டு தடவை சொன்னாலும் தகும்.

பலகையை எடுத்த நேரத்தில் அடியில் உள்ள குறுக்குச் சட்டங்கள் முழுதாக வெளியே தெரியும். மறுபடி இந்த வாய்ப்பு பல வருஷத்துக்கு வராது. அன்றைக்கே துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துவிடுங்கள்.

அலுமினியத் தரை மக்காது, ஆனால் அரிக்கும். மூத்திரத்திலிருந்து உண்டாகும் அம்மோனியா மேட்டுக்கு அடியில் தங்கினால் உலோகத்தில் குண்டூசித் தலை அளவில் குழிகள் விழும். நகத்தால் தடவினால் தெரியும். மேலோட்டமான குழி என்றால் கழுவிக் காயவைத்து மேட்டை அடிக்கடி தூக்கினாலே போதும். கீழிருந்து டார்ச் அடித்து மேலே வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தகடு முடிந்தது. பீனியாவில் அலுமினியம் வெல்டிங் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. சாதாரண கேட் கிரில் வெல்டரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

ராம்ப்

ராம்ப் பெரும்பாலும் ப்ளைவுட்டுக்கு மேல் ரப்பர் ஒட்டியதாக இருக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், நாலு ஓரமும் ஊதியிருக்கும். ஊதிய ப்ளையைத் தட்டினால் மந்தமான சத்தம் வரும். ஓரம் மட்டும் என்றால் நாலைந்து அங்குலம் வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவார்கள், அது நிற்காது. முழுப் பலகையையும் மாற்றுங்கள்.

ப்ளை வாங்கும்போது "வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். சமையலறை அலமாரிக்குப் போடும் ஐஎஸ் 303 ரகத்தையும் கடையில் அப்படித்தான் சொல்வார்கள். மரைன் ப்ளைக்கு ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கும், அதைப் பலகையிலேயே பார்த்து வாங்குங்கள். வெட்டிய விளிம்பு முழுவதும் எபாக்ஸி பூசிக் காயவைத்த பிறகே சட்டத்தில் பொருத்த வேண்டும். ஸ்க்ரூ ஓட்டைகளின் உள்பக்கமும் விளிம்புதான், மறந்துவிடாதீர்கள்.

ராம்ப்பைத் தூக்க உதவும் ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கை போய்விடும். கீல் ஊசி தேய்ந்து ராம்ப் ஒரு பக்கம் தொங்கினால் ஊசியையும் புஷ்ஷையும் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம், எளிய வேலை.

கூரையும் இணைப்புகளும்

இறக்குமதி டிரெய்லர்களில் கூரை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். கை வைத்துத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? வெயில் மேல்பூச்சைத் தின்கிறது என்று அர்த்தம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினில் பஃபிங் செய்து, மேலே மெழுகு பூசினால் ஆச்சரியப்படும் அளவுக்குத் திரும்பிவரும். நார் நாராக இழை தெரிய ஆரம்பித்திருந்தால் பஃபிங் உதவாது, மேல்பூச்சு புதிதாகப் போட வேண்டும். இது வெயில் கணக்கு, அவசரமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரமுள்ளது கூரையும் பக்கச் சுவரும் சேரும் கோடு. பழைய சீலண்ட் வெடித்து, சுருங்கி, சில இடத்தில் கறுத்து நிற்கும். அதன் மேலேயே புதிதாக ஒரு வரி சிலிக்கான் இழுத்துவிடுவது எல்லோரும் செய்வது, அடுத்த மழைக்குள் பிரிந்து வருவதும் அதுதான். பழையதை முழுவதும் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பியூ (பாலியூரிதேன்) சீலண்ட் போடுங்கள். அதன் மேல் பெயிண்ட் பிடிக்கும், சிலிக்கானில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

ஒழுகுகிறதா என்று பார்க்க ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே வாருங்கள். எடுத்ததும் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடுக்கிலும் வழிந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும்.

துருவைத் தரம் பிரியுங்கள்

எல்லாத் துருவும் ஒன்றல்ல. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்ததும் கீழே பளிச்சென்று இரும்பு தெரிந்தால் அது மேல் துரு, ஒரு மதிய நேரத்து வேலை. அடுக்கடுக்காகப் பொருக்குப் பெயர்ந்து, அடியில் குழிகள் இருந்தால் இரும்பு மெலிந்துவிட்டது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காப்பாற்றலாம், டொக்கென்று கேட்டால் வெட்டி ஒட்ட வேண்டும். மூன்றாவது வகை மோசமானது. வெளியே பெயிண்ட் அழகாக இருக்கும், அங்கங்கே ஒரு கொப்புளம் மட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று உள்ளே இறங்கும். துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. சதுரக் குழாய்ச் சட்டங்களின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், அது சேறடைத்துப் போனால் இப்படித்தான் ஆகும். முதலில் ஒரு கம்பியால் அந்த ஓட்டையைத் திறந்துவிடுங்கள். சில சமயம் வருஷக்கணக்காக நின்ற பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டும்.

சென்னையிலிருந்து, அதிலும் ஈசிஆர் பக்கத்து லாயத்திலிருந்து வந்த வண்டி என்றால் இந்த மூன்றாவது வகையைத்தான் சந்தேகப்பட வேண்டும். உப்புக் காற்று இடுக்குகளுக்குள் போய் வேலை செய்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி புதுப் பெயிண்டோடு விலைக்கு வந்தால் எனக்கு அது ஒரு காரணமாகத் தெரிகிறது, வாங்காமலிருக்க.

இழுவைக் கம்பம், காரோடு மாட்டும் கப்ளிங், ஆக்சில் பிடிமானம், தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இந்த நாலிலும் இரண்டாம் வகைத் துருவோ விரிசலோ கண்டால் இது அழகு வேலை இல்லை. வண்டியை ஓட்டாமல் நல்ல ஃபேப்ரிகேட்டரை வரவழைத்துக் காட்டுங்கள்.

மற்ற இடங்களில் செய்முறை இதுதான். பொருக்கைச் சுரண்டியால் எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 180 வரை வாருங்கள். துருவின் எல்லையைத் தாண்டி நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்திலும் இரண்டு அங்குலம் தேயுங்கள், துரு பெயிண்டுக்கு அடியில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். குழிகளில் ஒட்டிக்கொண்ட மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பூசலாம். அது துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறி இறுகும். உதிரும் துருவின் மேல் பூசினால் அந்தக் கறுப்போடு சேர்ந்தே உதிரும். தின்னரில் துடைத்து, அன்றைக்கே பிரைமர். ஒரு இரவு வெறும் இரும்பாக விட்டால் காலைப் பனியிலேயே மறுபடி சிவந்துவிடும்.

ரெட் ஆக்சைடு எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், வெறும் இரும்புக்குச் சரிதான். அடிப்பாகத்துக்கு இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர் இன்னும் நிற்கும். ஆனால் சேசிஸ் கால்வனைஸ் செய்தது என்றால் விஷயமே வேறு. மங்கின சாம்பல் நிறம் அதன் இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து பெயிண்ட் அடிக்க வேண்டியதே இல்லை. துத்தநாகப் பூச்சு போய்ச் சிவப்புத் தெரியும் இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டு ஜிங்க் ஸ்ப்ரே அடியுங்கள். கால்வனைஸ் மேல் நேரடியாகச் சாதாரண எனாமல் பூசினால் சில மாதத்தில் பாம்புச் சட்டையாக உரியும். கால்வனைஸ் செய்த பாகத்தில் வெல்டிங் வைக்க நேர்ந்தால், அந்த இடத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே வைக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்குக் காய்ச்சல் வரும். குதிரைகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அலுமினியம்

அலுமினியத் தகடு சிவப்பாகத் துருப்பிடிக்காது, இரும்பு ஸ்க்ரூ தொடும் இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் தேய்ந்து போகும். ஸ்க்ரூவைக் கழற்றி, பொடியைத் துடைத்து, நைலான் வாஷர் போட்டுத் திரும்ப மாட்டுங்கள். எஸ்பி ரோட்டில் சில்லறையாகவே கிடைக்கும். இரும்புக் கம்பி பிரஷ் போட்டு அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள், இரும்புத் துணுக்கு பதிந்து புதுக் கறை வரும். பாத்திரம் துலக்கும் பச்சை நார் போதும். பெயிண்ட் அடிப்பதானால் முதலில் எட்ச் பிரைமர்.

இப்போது பெயிண்ட்

இவ்வளவும் முடிந்தபின் வண்டி ஒட்டுப்போட்ட பல நிறத் துணியாக நிற்கும். அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் இந்தக் கட்டத்தோடு நிறுத்தி, டச்சப் மட்டும் செய்துகொண்டால்கூடத் தப்பில்லை. குதிரை வண்டியின் நிறத்தைக் கண்டுகொள்ளப்போவதில்லை.

முழுதாக அடிப்பதென்றால் இரண்டு வழி. எனாமல் பெயிண்டை ரோலரில் உருட்டி, காயும் முன் மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடிவிடுவது ஒன்று. இதை நீங்களே செய்யலாம், டிரெய்லர் போன்ற தட்டையான பரப்புக்குப் பத்தடி தள்ளிப் பார்த்தால் ஸ்ப்ரே அடித்ததாகவே தெரியும். கெட்டியாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக மூன்று நல்லது. காலைப் பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடியுங்கள். இரண்டாவது வழி பியூ பெயிண்ட். ஸ்ப்ரே கன்னில் அடிப்பது, பளபளப்பும் ஆயுளும் அதிகம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணியைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிக்கும் விஷயமில்லை. பெயிண்ட் அடிக்கத் தனி பூத் உள்ள கடையில் விடுங்கள்.

கடையில் விட்டால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: "பாய், பட்டி போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, வந்து பாத்துட்டுப் போறேன்." பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாராலும் பார்க்க முடியாது. பட்டி தண்ணீரை உறிஞ்சும், துருவின் மேல் வைத்தால் அந்த ஈரத்தை அங்கேயே பிடித்துவைக்கும். நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மேட் பிளாக் இப்போது மோகமாக இருக்கிறது. மார்ச் மாத வெயிலில் ஒரு கறுப்பு டிரெய்லருக்குள் பத்து நிமிஷம் நின்றுபார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூரையையாவது வெள்ளையாக விடுங்கள். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் ஆர்சியிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் இந்த அலைச்சல் இல்லை. பெயிண்ட் முடிந்ததும் ரிஃப்ளெக்டர் டேப்பைப் புதிதாக ஒட்டுங்கள்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

உள்ளே

குதிரை நக்கும், கடிக்கும். இந்தியாவில் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டுக்கு மட்டும்தான், தொழிற்சாலை வகைக்கு இல்லை. எனவே குதிரையின் வாய் எட்டும் உயரத்தில், டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று போட்ட வீட்டு எனாமலையே பயன்படுத்துங்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள், தூள் பறக்காது. அடித்த பிறகு எல்லாக் கதவையும் திறந்துபோட்டு, வாசனை முழுதாகப் போகும்வரை குதிரையை ஏற்றாதீர்கள். இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்சின் மெத்தை கிழிந்திருந்தால் மேலே ஒட்டுப்போடாமல் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஈரமான ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடித்திருக்கும், மூடிய வண்டிக்குள் அதைத்தான் குதிரை மணிக்கணக்கில் சுவாசிக்கிறது. தண்ணீர் குடிக்காத ஈவிஏ ஃபோம் போட்டு ஜேசி ரோட்டில் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார்.

பிறகு ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, குதிரையின் முழங்காலிலிருந்து காது உயரம் வரை உள்சுவர், தடுப்பு, மார்புக் கம்பி, கொண்டி, வளையம் எல்லாவற்றையும் அழுத்தித் துடையுங்கள். துணி மாட்டும் ஒவ்வோர் இடத்திலும் குதிரையின் தோலும் மாட்டும். பெயர்ந்த ரிவெட், வளைந்த தகட்டு முனை, உடைந்த ஆணி எல்லாம் இப்படித்தான் அகப்படும்.

மஞ்சளாகிப்போன அக்ரிலிக் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் பாலிஷ். தின்னர் பட்டால் உடனே நுணுக்கமாக வெடிக்கும்.

மிச்சம் மீதி

டயரைக் கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் ஏமாறாதீர்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. பக்கச் சுவரில் முட்டை வடிவத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால், அல்லது பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால், டயரில் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக உரித்தால் பெயிண்ட் வராது, பசைக்கு மண்ணெண்ணெய். மங்கின விளக்கு மூடிகளை எல்இடி செட்டாகவே மாற்றிவிடலாம், பூமிக் கம்பி தொடும் இடத்துத் துருவைச் சுரண்டிய பிறகு.

நிறுத்தும் இடத்துக்கு வருவோம். பெங்களூரில் நிழல் என்றால் தூங்குமூஞ்சி மரம்தான். அதன் கீழே நிறுத்தினால் பிசினும் பூவும் காக்கை எச்சமும் கூரையில் சேர்ந்து, புதுப் பெயிண்டில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். தகரக் கொட்டகை நல்லது. இல்லாவிட்டால் காற்றுப் போகும் கவர் போடுங்கள், தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து ஈரம் தங்கும். மண்ணில் நிறுத்தாமல் சக்கரத்துக்கு அடியில் பலகை வையுங்கள். முன்னால் உள்ள ஜாக்கி வீலால் வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி வைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் பின்பக்கமாக வடிந்துவிடும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மேட்டின் ஒரு ஓரத்தையாவது மடித்துத் தூக்கி, சுவரில் சாய்த்துவிட்டுப் போகச் சைஸிடம் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்து நவம்பர் கடைசியில் ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரோடு தரையைச் சுற்றி வாருங்கள்.

மீந்த பெயிண்டை இறுக மூடி, ஷேடு நம்பரையும் அடித்த தேதியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி டப்பாவில் ஒன்றும், சேணம் வைக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒன்றும் ஒட்டுங்கள். அடுத்த கல் தெறித்த இடத்தில் டச்சப் செய்யும்போது கடையில் நின்று நிறம் பொருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.